உலகக்கோப்பை கால் இறுதி, 24,000 சீட்டு, வந்தது 8,206 பேரு. ஹடர்ஸ்ஃபீல்டுல என்னதான் நடந்துச்சு?

யார்க்‌ஷைர் மருது · 5 நவம்பர் 2022

நேத்து ராத்திரி பையன கூட்டிகிட்டு இங்க வட இங்கிலாந்துல இருக்குற ஹடர்ஸ்ஃபீல்டு போயிருந்தேன். ரக்பி லீக் உலகக்கோப்பை கால் இறுதி, ஆஸ்திரேலியா - லெபனான். தோத்தா மூட்டைய கட்ட வேண்டிய மேட்ச், ஆடுறது நடப்பு சாம்பியன் ஆஸ்திரேலியா, ஆனா மைதானம் காத்து வாங்குச்சு. 8,206 பேருன்னு அறிவிச்சாங்க, அந்த ஸ்டேடியம் கிட்டத்தட்ட 24,000 பேர் கொள்ளும். எதிர் ஸ்டாண்டுல காலி நாற்காலி கலர வச்சே கோலம் போடலாம். உள்ள ஆடுறவங்க ஒருத்தர ஒருத்தர் கத்தி கூப்புடுறது எங்க சீட்டு வரைக்கும் கேக்குது, பையன் "அப்பா இது பிராக்டிஸ் மேட்சா"ன்னு கேட்டுட்டான், என்ன பதில் சொல்றது.

எனக்கு வயித்தெரிச்சல் என்னன்னா இது நடந்த ஊரு. 1895ல ஹடர்ஸ்ஃபீல்டு ஜார்ஜ் ஹோட்டல்ல 20க்கும் மேல கிளப்புங்க உக்காந்து பேசி தனியா பிரிஞ்சுதான் இந்த ஆட்டமே பொறந்துச்சு. சுரங்கத்துலயும் மில்லுலயும் வேலை பாத்தவன் சனிக்கிழமை ஆட வந்தா அன்னிக்கு கூலி போயிரும், அதுக்கு ஈடு குடுங்கன்னு கேட்டாங்க, லண்டன் பெரியமனுஷங்க முடியாதுன்னுட்டாங்க, போங்கடான்னு வந்துட்டாங்க. அந்த ஹோட்டல் ரயில்வே ஸ்டேஷன்ல எறங்குனா பக்கத்துலயே நிக்குது, 2013ல மூடுனது மூடுனதுதான். அத தாண்டி மைதானம் வரைக்கும் நடந்தோம், இன்னிக்கு இங்க உலகக்கோப்பை நடக்குதுன்னு சொல்ற மாதிரி ஒரு பேனர் கூட என் கண்ணுல படல. எங்க ஊருல பொங்கலுக்கு நடக்குற கபடி போட்டிக்கே ஆட்டோல மைக் கட்டி மூணு நாள் கத்துவாங்கய்யா.

ஆட்டம் 48-4, ஆஸ்திரேலியாவுக்கு. அவங்க ஜாஷ் ஆடோ-கார் ஒத்த ஆளா அஞ்சு ட்ரை (எதிராளி கோட்ட தாண்டி பந்த தரையில வக்கிறது) அடிச்சான். அவ்வளவு அழகான ஓட்டத்த பாக்க ஆள் இல்ல.

சேப்பாக்கம் கேலரி · 5 நவம்பர் 2022

ப்ரோ தப்பா எடுத்துக்காதீங்க, ரக்பி உலகக்கோப்பை அடுத்த வருஷம் பிரான்ஸ்லன்னுல்ல படிச்சேன்? இது என்ன புதுசா?

ஆறாவது டேக்கிள் · 5 நவம்பர் 2022

அது யூனியன், ஒரு பக்கம் 15 பேரு. இது லீக், 13 பேரு. நம்ம சடுகுடு மாதிரி நெனச்சுக்கோங்க, பந்த கையில வச்சுகிட்டு ரெய்டு போறான், எதிராளிங்க சேர்ந்து அமுக்குனா ஒரு டேக்கிள், எந்திரிச்சு கால்ல பந்த பின்னாடி உருட்டிட்டு மறுபடி ஆரம்பிக்கணும், ஆறு டேக்கிளுக்குள்ள கோட்ட தொடலன்னா பந்து அடுத்தவன் கைக்கு போயிரும். அவ்வளவுதான். இங்கிலாந்துல வடக்குலதான் இதுக்கு உயிரு, லிவர்பூல் பக்கத்துல இருந்து ஹல் வரைக்கும் போற எம்62 ரோட்ட ஒட்டி இருக்குற ஊருங்க.

பாத்தீங்களா, உங்களுக்கு வந்த இந்த டவுட்டே விளம்பரம் எந்த லட்சணத்துல இருக்குன்னு காட்டுது.

சேப்பாக்கம் கேலரி · 5 நவம்பர் 2022

சென்னையில உக்காந்திருக்குற எனக்கு தெரியாதது குத்தமாய்யா 😀 சரி, லெபனான்ல இந்த ஆட்டம் ஆடுறாங்களா?

பரமட்டா பாலன் · 5 நவம்பர் 2022

தம்பி அந்த லெபனான் ரீம்ல பாதிக்கு மேல எங்கட சிட்னி மேற்கில பிறந்து வளர்ந்த பெடியள். கப்டன் மிட்சல் மோசஸ் எங்கட பரமட்டா ஈல்ஸ் கிளப்புக்கு விளையாடுறவர். நான் இஞ்ச சனிக்கிழமை காலமை ஆறரைக்கு எழும்பி ரீவியில பார்த்தனான். பக்கத்து வீடு லெபனான் ஆக்கள், அவையின்ர வீட்டில இருந்து வந்த சத்தம் ஹடர்ஸ்ஃபீல்ட் மைதானத்தில வந்ததை விட கூட இருந்திருக்கும் எண்டு நினைக்கிறன், பகிடிக்கு சொல்லேல்ல.

இதே மட்ச பரமட்டாவில வச்சிருந்தா மெரிலண்ட்ஸ், கிரான்வில் பக்கத்து லெபனான் சனமே வந்து நிரப்பியிருக்கும். சனம் இருக்கிற இடத்தில மட்ச் இல்லை, மட்ச் இருக்கிற இடத்தில சனம் இல்லை.

பின்னேரம் எஸ்சிஜியில (சிட்னி கிரிக்கெட் மைதானம்) இலங்கை - இங்கிலாந்து டி20 இருக்குது, அங்க போறன். வந்து மிச்சத்தை கதைக்கிறன்.

ஹல் தேன்மொழி · 6 நவம்பர் 2022

மருது அண்ணே உங்க மேட்ச் பரவால்ல. நேத்து எங்க ஊருல நியூசிலாந்து - ஃபிஜி கால் இறுதி, 7,080 பேரு. ஆட்டம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஃபிஜி பசங்க கட்டிப்புடிச்சு நின்னு கோரஸா ஒரு பாட்டு பாடுவாங்க பாருங்க, சர்ச் பாட்டு, எனக்கு புரியாத பாஷை, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அந்த சத்தம் காலி ஸ்டாண்டுல பட்டு எதிரொலிச்சு திரும்பி வருது. ஒரு வகையில அதுவும் நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா அப்படி இருக்க கூடாதுல்ல. ஆட்டம் 24-18, கடைசி வரைக்கும் யாரு ஜெயிப்பாங்கன்னே தெரியல.

எங்க வார்டுல கூட வேலை பாக்குற அக்கா பொறந்ததுல இருந்து ஹல்காரங்க, கிளப் மேட்ச் ஒண்ணு விட மாட்டாங்க. திங்கக்கிழமை அவங்ககிட்ட சொன்னா "ஓ நம்ம ஊருலயா"ன்னு கேக்க போறாங்க பாருங்க.

ஆறாவது டேக்கிள் · 6 நவம்பர் 2022

அதே நாள் விகன்ல இங்கிலாந்து - பப்புவா நியூ கினி, 23,179 பேரு. அந்த மைதானமே 25,000 தான். ஆக வடக்குல காசு இல்ல, குளிரு, ரயில் ஸ்ட்ரைக்குன்னு சொல்ற காரணமெல்லாம் பாதிதான் உண்மை. இங்கிலாந்து ஆடுனா வர்றான், வேற ரெண்டு நாடு ஆடுனா வரல. ஒன்சைடு மேட்ச்சுக்கு எவன் வருவான்னு ட்விட்டர்ல ஒருத்தன் கேட்டான், அப்ப ஹல்ல 24-18 ஆச்சே அங்க ஏன் வரல? டிக்கெட் வாங்கும்போது ஸ்கோரு யாருக்கு தெரியும்.

யார்க்‌ஷைர் மருது · 6 நவம்பர் 2022

ரயில அப்படி சுளுவா தள்ளிராதீங்க. சனிக்கிழமை ஸ்ட்ரைக்குன்னு ரொம்ப நாளா சொல்லிட்டு வெள்ளிக்கிழமை கடைசி நேரத்துல வாபஸ்னாங்க, ஆனா டைம்டேபிள் ஏற்கனவே குறைச்சாச்சு, ஓடுனது கொஞ்சம் வண்டிதான். எங்கேயோ இருந்து ஹல்லுக்கு வரணும்னு நெனச்சவன் அதுக்கு முன்னாடியே கைவிட்டுருப்பான்.

விலையும் சும்மா இல்ல. இந்த குளிருக்கு ஹீட்டர் போடுறதா வேணாமான்னு வீட்டுக்கு வீடு யோசிக்கிறாங்க, கரண்டு பில்லு கேஸ் பில்லு எங்கயோ போயிருச்சு, இதுல வெளிநாட்டுக்காரன் ரெண்டு பேரு ஆடுற மேட்ச்சுக்கு கிளப் மேட்ச்ச விட கூட குடுன்னா? அதுவும் பிபிசியில 61 மேட்ச்சும் ஓசியில காட்டுறான், ஆண்கள் பெண்கள் வீல்சேர் எல்லாம் சேத்து. போர்வைய போத்திகிட்டு பாத்துட்டு போயிருவான்.

ஆனா ஒண்ணு, பிபிசியில காட்டுனத நான் தப்பு சொல்ல மாட்டேன். என் பையன் அதுல முத மேட்ச் பாத்துட்டுதான் கூட்டிட்டு போன்னு அடம் புடிச்சான்.

சேப்பாக்கம் கேலரி · 6 நவம்பர் 2022

இன்னிக்கு மெல்போர்ன்ல இந்தியா - ஜிம்பாப்வே, 82,507 பேரு. ஜிம்பாப்வே கூட! சும்மா சொல்லிட்டு போலாம்னு வந்தேன்.

பரமட்டா பாலன் · 6 நவம்பர் 2022

அது விளம்பரத்தால வந்த சனம் எண்டு நினைக்கிறீரோ? இந்தியா எங்க விளையாடினாலும் வரும். பசிபிக் தீவு டொங்கா, சமோவா சனமும் அப்பிடித்தான். 2017 லீக் உலகக்கோப்பையில நியூசிலாந்து ஓக்லண்டில மவுண்ட் ஸ்மார்ட் மைதானத்தில டொங்கா - இங்கிலாந்து அரை இறுதி, 30,003 பேர், மைதானம் முழுக்க டொங்கா சிவப்பு. அதுக்கு ஒருத்தரும் பேனர் கட்டத் தேவையில்லை, சனமே கார்ல கொடியைக் கட்டிக்கொண்டு தெருத்தெருவா ஓடித் திரிஞ்சது.

ஆறாவது டேக்கிள் · 6 நவம்பர் 2022

பாலன் அண்ணே, அதே 2017 உங்க ஊரு கணக்கையும் சொல்லவா, கோவப்படக்கூடாது. ஆஸ்திரேலியா - சமோவா கால் இறுதி டார்வின்ல 13,473. ஆஸ்திரேலியா - ஃபிஜி அரை இறுதி பிரிஸ்பேன்ல 22,073. ஃபைனலே 40,033தான், 52,000 பேர் கொள்ற மைதானத்துல. சொந்த நாட்டுல, சொந்த டீமு, உலகக்கோப்பை ஃபைனல்.

பரமட்டா பாலன் · 7 நவம்பர் 2022

கோவம் இல்லை, உண்மைதான். இஞ்சத்த சனத்துக்கு ஸ்டேட் ஒஃப் ஒரிஜின் எண்ட மாநில மோதல்தான் பெரிசு. நியூ சவுத் வேல்ஸ் - குயின்ஸ்லாந்து எண்டா வேலைக்கு லீவு போடுவினம், கங்காருஸ், அதான் ஆஸ்திரேலியா ரீம், விளையாடினா "ஓ சரி" எண்டுவினம். ஆனா அது ஏன் எண்டு யோசிச்சுப் பாருங்கோ. கங்காருஸ் கடைசியா 2019 நவம்பர் 2ம் திகதி டொங்காவிட்ட தோத்தது. அதுக்குப் பிறகு அடுத்த மட்ச் எப்ப தெரியுமோ? இந்த 2022 ஒக்ரோபர் 15, லீட்ஸ் ஹெடிங்லியில. மூண்டு வருசம்! உலக சாம்பியன் மூண்டு வருசம் ஒரு மட்ச் கூட விளையாடேல்ல. கொரோனா எண்டு சொல்லுவினம், ஆனா கிளப் மட்ச் எல்லாம் நடந்தது தானே, வெளியாக்களோட சேராமல் குமிழி (பபிள்) போட்டு, ஊர் மாறி இருந்து, எப்பிடியோ நடத்திச்சினம்.

சேப்பாக்கம் கேலரி · 7 நவம்பர் 2022

மூணு வருஷமா??? இந்தியா மூணு மாசம் ஆடலன்னாலே இங்க பித்து புடிச்சிரும்.

யார்க்‌ஷைர் மருது · 7 நவம்பர் 2022

பாலன் அண்ணே நீங்க சொன்னதுதான் என் மண்டையில ரெண்டு நாளா ஓடுது. நானும் பேனர் இல்ல போஸ்டர் இல்லன்னு புலம்பிட்டேன், ஆனா போஸ்டர்ல வேலைக்காகாது. ஒரு டீமு வருஷா வருஷம் அதே மாசம் வரும்னு தெரிஞ்சாதான் மனுஷன் காசு எடுத்து வைப்பான், மச்சானுக்கு போன் போட்டு நீயும் வாடான்னு சொல்லுவான். சித்திரைத் திருவிழாவுக்கு மதுரையில யாரு விளம்பரம் பண்றா? அழகர் அன்னிக்கு வருவாருன்னு தெரியும், அவ்வளவுதான். இங்க கிளப் சீசன் முடிஞ்சு, ஆடுறவனுக்கு காயம் போக மிச்சம் இருக்குற ஆளு, மிச்சம் இருக்குற வாரம், மிச்சம் இருக்குற மைதானம், அதுல ஒட்டுப்போட்டு வக்கிறதுக்கு பேருதான் இன்டர்நேஷனல்.

இந்த உலகக்கோப்பையே போன வருஷம் நடக்க வேண்டியது. 2021 ஜூலைல ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் வரலன்னு சொன்னாங்க, ஆகஸ்டுல தள்ளி வச்சாங்க. அத நம்பி லீவு போட்டவன், டிக்கெட் வாங்குனவன் கதி? அப்புறம் மறுபடி எழுப்பி உக்கார வக்கிறது சும்மாவா.

ஹல் தேன்மொழி · 7 நவம்பர் 2022

விளம்பரமே வேணாம்னு சொல்றீங்களா? ஒத்துக்க மாட்டேன். திருவிழா எப்பன்னு மதுரைக்காரனுக்கு தெரியும், புதுசா குடி வந்தவனுக்கு? நான் இங்க வந்து ஆறு வருஷம், ஆட்டம் புடிச்சதே போன வருஷம்தான், அதுவும் கூட வேலை பாக்குறவங்க இழுத்துட்டு போனதால. எங்க தெருவுல நாலு நாட்டுக்காரங்க இருக்காங்க, யாருக்கும் ஒரு நோட்டீஸ் வரல.

சொல்ல கதை இல்லைன்னா பரவால்ல, கதை கொட்டி கெடக்கு. லெபனான் கோச்சு மைக்கேல் செய்க்கா, வெள்ளிக்கிழமை ராத்திரி ஹடர்ஸ்ஃபீல்டுல லீக் டீமுக்கு கோச்சு, ஞாயித்துக்கிழமை லண்டன் ட்விக்கன்ஹாம் மைதானத்துல அர்ஜென்டினா யூனியன் டீமுக்கு கோச்சு, அங்க இங்கிலாந்த 30-29ல தோக்கடிச்சுட்டு போயிட்டாரு! ஒரே மனுஷன் ரெண்டு நாள் இடைவெளியில ரெண்டு ஆட்டத்துல ரெண்டு நாட்டுக்கு. இத விட ஒரு விளம்பர சரக்கு கெடைக்குமா? ஒரு மாசமா இத வச்சு ஊரையே கலக்கியிருக்கலாம்.

ஆறாவது டேக்கிள் · 7 நவம்பர் 2022

இத நானே மேட்ச் முடிஞ்ச பொறவுதான் படிச்சேன் 🤦

அப்புறம் தொடக்க மேட்ச் நியூகாசில்ல வச்சாங்கல்ல, இங்கிலாந்து சமோவாவ 60-6ன்னு நொறுக்குனது, 43,199 பேரு. லீக் ஊரே இல்ல அது, ஃபுட்பால் ஊரு. அங்க கூட்டம் வந்துச்சு. ஆனா பாருங்க தொடக்க விழால மைக் செட்டு படுத்துருச்சு, பாட்டு கச்சேரி பாதியில நின்னு போச்சு. நம்ம ஊரு கல்யாணத்துல கூட ரெண்டாவது ஆம்ப்ளிஃபையர் வச்சிருப்பான்.

யார்க்‌ஷைர் மருது · 20 நவம்பர் 2022

நேத்து ஓல்டு டிராஃபோர்டு ஃபைனல் டிவியில பாத்தேன். 67,502 பேரு, ஆஸ்திரேலியா 30, சமோவா 10. முந்துன வாரம் லண்டன் எமிரேட்ஸ் மைதானத்துல அரை இறுதியில இங்கிலாந்து சமோவாகிட்ட 27-26ல தோத்ததுல எங்க வீட்ல ரெண்டு நாள் சாவு வீடு. 60-6ன்னு வாங்குன அதே சமோவா! பையன் இப்ப சமோவா கட்சி.

வெள்ளிக்கிழமை மான்செஸ்டர்ல வீல்சேர் ஃபைனல்ல இங்கிலாந்து பிரான்ஸ 28-24ல ஜெயிச்சதையும் பாருங்க, 4,526 பேரு, வீல்சேர் ஆட்டத்துல அதுதான் உலக சாதனை. எண்ணிக்கை சின்னதுதான், ஆனா ஹால் நெறைஞ்ச மாதிரி இருந்துச்சு, அந்த சத்தம் டிவியிலயே தெரிஞ்சுது. அளவுக்கு ஏத்த எடம். இன்னிக்கு கத்தார்ல ஃபுட்பால் ஆரம்பிக்குது, இனி நாலு வருஷத்துக்கு லீக்க எவனும் பேச மாட்டான்.

சேப்பாக்கம் கேலரி · 5 அக்டோபர் 2023

மன்னிக்கணும், பழைய இழைய தூசி தட்டுறேன். இன்னிக்கு அகமதாபாத்துல கிரிக்கெட் உலகக்கோப்பை தொடக்க மேட்ச், இங்கிலாந்து - நியூசிலாந்து, போன தடவை ஃபைனல் ஆடுன ரெண்டு டீமு. லட்சத்துக்கு மேல கொள்ற மைதானத்துல டாஸ் போடும்போது நாற்காலிதான் தெரியுது. 82,507ன்னு இங்க வந்து பீத்துனேன்ல, வாபஸ் வாங்கிக்கறேன்.

உலகக்கோப்பைக்கு சரியா 100 நாள் இருக்கும்போதுதான் அட்டவணையே விட்டாங்க, அதையும் அப்புறம் மாத்துனாங்க, டிக்கெட் ஆகஸ்டு கடைசியிலதான். நியூசிலாந்துக்காரன் எப்ப பிளைட்டு போட்டு எப்ப ரூம் போடுவான்? மருது அண்ணன் சொன்ன அழகர் கதை இப்பத்தான் எனக்கு ஒறச்சுது.

யார்க்‌ஷைர் மருது · 29 அக்டோபர் 2023

தூசி தட்டுனது நல்லதா போச்சு. நேத்து அதே ஹடர்ஸ்ஃபீல்டு, அதே ஸ்டாண்டு. இங்கிலாந்து - டொங்கா ரெண்டாவது டெஸ்ட் (லீக்லயும் நாட்டுக்கு நாடு மேட்ச்சுக்கு அதே பேருதான்), 14-4, 11,210 பேரு. இங்கிலாந்து ஆடியும் பாதி கூட ரொம்பல. ஆறாவது டேக்கிள் தம்பி, இங்கிலாந்து ஆடுனா வருவான்னு சொன்னீங்களே?

ஆறாவது டேக்கிள் · 29 அக்டோபர் 2023

தோத்துட்டேன், ஒத்துக்கறேன். ஆனா யோசிங்க, முத டெஸ்ட் செயின்ட் ஹெலன்ஸ், ரெண்டாவது ஹடர்ஸ்ஃபீல்டு, மூணாவது லீட்ஸ், எல்லாம் ஒரு மணி ரெண்டு மணி நேர தூரத்துக்குள்ள. அதே ஆளுங்க பாக்கெட்லயே மூணு வாரம் தொடர்ந்து கைய விடுறாங்க. இன்னொண்ணு, 2025 உலகக்கோப்பைய மொதல்ல அமெரிக்கா கனடான்னாங்க, அப்புறம் பிரான்ஸ்னாங்க, இந்த மே மாசம் பிரான்ஸும் கைய விரிச்சிருச்சு. எதை நம்பி எவன் காசு போடுவான்.

அமெரிக்கா கதை இன்னும் தமாஷு, 2018ல டென்வர்ல இங்கிலாந்து - நியூசிலாந்து வச்சாங்க, கடல் மட்டத்துல இருந்து ஒரு மைல் உசரத்துல, 76,000 சீட்டு மைதானத்துல, ஜூன் மாசத்துல. 19,320 பேரு. நான் அத அப்ப தோல்வின்னு திட்டுனேன். இப்ப ஹடர்ஸ்ஃபீல்டோட வச்சு பாத்தா டென்வர்க்கு கோயில் கட்டலாம் போல.

ஹல் தேன்மொழி · 26 அக்டோபர் 2025

நானும் தட்டுறேன். லண்டன் வெம்ப்ளி மைதானம் போயிட்டு வந்தேன்! இங்கிலாந்து - ஆஸ்திரேலியா ஆஷஸ், ஆமா லீக்லயும் அதே பேருதான். 2003க்கு அப்புறம் இப்பத்தான் மறுபடி நடக்குது. 60,812 பேரு. 26-6ன்னு உதைச்சு அனுப்புனான் ஆஸ்திரேலியாக்காரன், அது வேற விஷயம். ட்யூப்ல (லண்டன் மெட்ரோ ரயிலு) இருந்து எறங்குனா எங்க பாத்தாலும் கிளப் ஜெர்சி, ஹல் ரெண்டு கிளப் ஜெர்சியும் பக்கத்து பக்கத்துல நடந்து போகுது, அது எங்க ஊருல பாக்கவே முடியாத காட்சி. எங்க வார்டு அக்காவ நான்தான் இழுத்துட்டு போனேன் இந்த தடவ.

ஆறாவது டேக்கிள் · 26 அக்டோபர் 2025

90,000 சீட்டுல 60,812ன்னு சொல்லலாம்னு வந்தேன், உங்க சந்தோஷத்த பாத்து விட்டுட்டேன்.

ஹல் தேன்மொழி · 26 அக்டோபர் 2025

சொல்லிட்டீங்களே 😀

யார்க்‌ஷைர் மருது · 9 நவம்பர் 2025

மூணும் தோத்தாச்சு. ஆனா லிவர்பூல்ல எவர்ட்டன் ஃபுட்பால் கிளப்போட புது மைதானத்துல ரெண்டாவது டெஸ்ட்டுக்கு 52,106 பேரு. அப்ப 22 வருஷம் இத ஏன்யா வக்கல? காசு வராதுன்னு யாரு கணக்கு போட்டது? அடுத்து எப்ப வருவாங்கன்னு கேட்டு பையன் உசுர எடுக்குறான், அவனுக்கு சொல்ல என்கிட்ட தேதி இல்ல.

பரமட்டா பாலன் · 9 நவம்பர் 2025

மருது, இஞ்ச தேதி இருக்குது. 2026 ஒக்ரோபர் 15ல இருந்து நவம்பர் 15 மட்டும் உலகக்கோப்பை எங்கட நாட்டிலயும் பப்புவா நியூ கினியிலயும். பத்து ரீம், லெபனானும் வருது. 2022ல ஹடர்ஸ்ஃபீல்ட் வரைக்கும் வந்ததுதான் அவைக்கு இந்த இடத்தை வாங்கிக் குடுத்தது, நீங்கள் பார்த்த அந்த 8,206 பேர் மட்ச்.

பக்கத்து வீட்டுக்காரர் போன கிழமை வேலிக்கு மேலால எட்டிப் பார்த்து, லெபனான் மட்ச்சுக்கு என்ர வீட்டாக்களையும் சேர்த்து 14 ரிக்கெற் எடுக்கிறாராம், வாறீரோ எண்டு கேட்டார். ஓம் எண்டிட்டன். பையனையும் கூட்டிக்கொண்டு வாங்கோ, அவரிட்ட சொல்லி 16 ஆக்கலாம்.

யார்க்‌ஷைர் மருது · 9 நவம்பர் 2025

அண்ணே பிளைட்டு விலை பாத்துட்டு வர்றேன். பையன்கிட்ட இன்னும் சொல்லல, சொன்னா இன்னிக்கு ராத்திரி தூங்க மாட்டான்.